அரசுக் கப்பலில் அந்தமான்: வடக்கு நோக்கி ஒரு முதுகுப்பைப் பயணம்

ஞாயிறு, போர்ட் பிளேர்

கப்பல் இன்று காலை ஹாடோ துறையில் கட்டியது. சென்னைத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டு 60 மணி நேரத்துக்கும் மேல் ஆகிவிட்டது. விமானத்தில் இரண்டரை மணி நேரத்தில் வந்து இறங்கியிருக்கலாம். ஆனால் அந்தமானுக்கு முதன்முறை வருபவர்கள், நேரம் இருந்தால், கப்பலில்தான் வர வேண்டும் என்று சொல்வேன். கடைசி வகுப்பான பங்க்கில் படுக்கைகள் அடுக்கடுக்காக இருக்கும், எஞ்சின் அதிர்வு உடம்புக்குள் இறங்கும், உணவு சுமார்தான். இருந்தாலும் பகல் முழுவதும் மேல்தளத்தில் உட்கார்ந்து, கோலா மீன்கள் தண்ணீரிலிருந்து கிளம்பி அலைமேல் பறந்துபோய் விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இந்தத் தீவுகள் நம் கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதை அந்த நீண்ட பகல்களில்தான் உணர முடிந்தது. கூட வந்தவர்களில் பெரும்பாலோர் சுற்றுலாப் பயணிகள் அல்லர். மதுரைப் பக்கம் திருமணத்துக்குப் போய்த் திரும்பும் தீவுக் குடும்பங்கள், கட்டட வேலைக்கு வருபவர்கள், வேலூரில் வைத்தியம் முடித்துக்கொண்டு வருபவர்கள்.

2024 செப்டம்பரில் ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். துறையில் என்னை ஏற்றிக்கொண்ட ஆட்டோக்காரர் போர்ட் பிளேர் என்றே சொன்னார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அபர்தீன் பஜாருக்குப் பின்னால் 700 ரூபாய்க்கு அறை கிடைத்தது. மின்விசிறி, கொசுவலை, சுத்தமான குளியலறை. தனியாகப் பயணம் செய்யும் பெண்ணுக்கு முக்கியமான உள்தாழ்ப்பாள் கெட்டியாக இருந்தது. மதியம் செல்லுலார் சிறைக்குப் போனேன். ஏழு சிறகுகளில் மூன்றுதான் மிச்சம் இருக்கின்றன. இடித்த இடத்தில் இன்று அரசு மருத்துவமனை நிற்கிறது. ஒவ்வொரு அறையின் கதவும் எதிர்ச் சிறகின் முதுகைப் பார்க்கும்படி கட்டியிருக்கிறார்கள். ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகக் கணக்குப் போட்டுக் கட்டிய கட்டடம். அதைப் பற்றி இங்கே நாலு வரியில் எழுதிக் கடந்துபோக மனம் வரவில்லை. ஒரு முழுப் பகலை அதற்கு ஒதுக்குங்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

திங்கள், போர்ட் பிளேர்

இன்றைய பகல் டிக்கெட் வரிசையில் போனது. சிக்கனமாகச் சுற்ற நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த வரிசையைத்தான்.

தீவுகளுக்கு இடையே இரண்டு வகைக் கப்பல்கள் ஓடுகின்றன. ஒன்று, ஹேவ்லாக், நீல் தீவுகளுக்குப் போகும் தனியார் குளிர்சாதனப் படகுகள். ஒரு வழிக்கே 1,000 ரூபாயைத் தாண்டிவிடும். மற்றொன்று அரசுக் கப்பல். தீவுவாசிகளுக்கு ஒரு கட்டணம், வெளியூர்க்காரர்களுக்குக் கூடுதலாக இன்னொரு கட்டணம். அப்படியும் தனியார் படகைவிடப் பல மடங்கு மலிவு. பீனிக்ஸ் பே துறையில், பயண நாளுக்குச் சற்று முன்புதான் டிக்கெட் தருகிறார்கள். தீவுவாசிகளுக்குத்தான் முன்னுரிமை. அதுதான் நியாயமும்கூட: நமக்கு உல்லாசம், அவர்களுக்கு அதுதான் டவுன் பஸ்.

எங்கே போவது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. ஹேவ்லாக்கில் அறை வாடகையும் சாப்பாட்டு விலையும் ஏறிவிட்டன. நான் வடக்கே போகிறேன்: லாங் ஐலண்ட், ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர். எப்படிப் போவது என்பதில்தான் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது.

போர்ட் பிளேரிலிருந்து டிக்லிபூருக்கு அந்தமான் நெடுஞ்சாலையில் அரசு பஸ் விடிவதற்கு முன்பே கிளம்புகிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் எல்லா வண்டிகளும் சேர்ந்து காத்திருந்து, காவலர் துணையோடு வரிசையாக ஜராவா மக்களின் காட்டுக்குள் நுழைகின்றன. 1956இலிருந்தே சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பழங்குடிகள் அவர்கள். எண்ணிக்கை சில நூறு மட்டுமே. 1990களின் இறுதியில்தான் வெளியாட்களைப் பகையின்றி அணுகத் தொடங்கினார்கள். உடனே 1999இல் தட்டம்மை அவர்களைத் தாக்கியது. 2002இல் உச்ச நீதிமன்றம் அந்தக் காட்டுக்குள் போகும் சாலையை மூடச் சொன்னது. சாலை இன்றும் திறந்திருக்கிறது. படம் எடுக்கக் கூடாது, வண்டியை நிறுத்தக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது என்ற விதிகள் எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் இன்று வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர், “நாளைக்கு பாராடாங் போகிறோம், வழியில் ஜராவாக்களைப் பார்த்துவிடலாம்” என்று தம் பிள்ளைகளிடம் ஆசை காட்டிக்கொண்டிருந்தார். கேட்கவே வேதனையாக இருந்தது. மனிதர்களை ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கும் வரிசையில் என் பங்குக்கு ஒரு டிக்கெட் வாங்க மாட்டேன். கடல்வழி இருக்கிறது. போகும்போதும் வரும்போதும் அந்தக் காட்டைக் கடல்வழியே சுற்றிக் கடப்பேன்.

புதன், லாங் ஐலண்ட்

அதிகாலையில் கிளம்பிய கப்பல் ஹேவ்லாக்கில் பாதிக்கு மேல் ஆட்களை இறக்கிவிட்டது. மேல்தளத்தில் நான், சில வாழைத்தார்கள், ஒரு பள்ளி ஆசிரியை, கூண்டில் கோழிகள். ஆசிரியை தன் டப்பாவைத் திறந்து ரொட்டியும் உருளைக்கிழங்கும் கொடுத்தார். இங்கே எல்லாருக்கும் பொதுமொழி இந்தி. வங்காளி, தமிழர், தெலுங்கர், மலையாளி, ராஞ்சிப் பக்கத்திலிருந்து காட்டு வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் என யாராக இருந்தாலும், துறையில் ஒருவரோடு ஒருவர் பேசுவது அந்த இந்தியில்தான். உடைந்த இந்தி போதும், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

லாங் ஐலண்டில் ஒரு காலத்தில் பிளைவுட் ஆலை ஓடியிருக்கிறது. இப்போது அதன் எச்சங்கள்தான் இருக்கின்றன, ஊர் அமைதியாகிவிட்டது. நடந்தே ஊரைச் சுற்றிவிடலாம். குடிசை அறைக்கு 600 ரூபாய், மீன் குழம்போடு சாப்பாடு 150 ரூபாய். இந்த விலையில் கடலை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்க முடியும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் எப்போதோ வந்திருப்பேன்.

ஒரு நடைமுறை விஷயம். இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் என்பதால், கிழக்கே வெகுதூரத்தில் இருக்கும் இந்தத் தீவுகளில் காலை ஐந்தரைக்கெல்லாம் வெளுத்துவிடுகிறது. மாலை ஆறு மணிக்குள் இருட்டு. நம் ஊர்ப் பழக்கத்தில் எட்டு மணிக்கு எழுந்தால் பாதிப் பகல் போய்விடும். நான் நாலரைக்கு எழுந்துகொள்கிறேன்.

வியாழன், லாங் ஐலண்ட்

லாலாஜி பே கடற்கரைக்குப் போகப் படகும் கிடைக்கும். நான் காட்டுவழியே நடந்தேன். இரண்டு மணி நேரம் ஆகிறது. பாதை சில இடங்களில் மரவேர்களுக்குள் மறைந்துவிடுகிறது. பலகைபோல் விரிந்த வேர்களைக் கொண்ட பெருமரங்கள், அவற்றில் தொங்கும் பிரம்புக்கொடிகள். பிரம்பின் முள் சட்டையைப் பிடித்தால் இழுக்கக் கூடாது, பின்னால் ஓர் அடி வைத்தால் தானாக விடும். இதைச் சொல்லிக் கொடுத்தவர் எதிரே விறகோடு வந்த பெரியவர்.

காடு முடியும் இடத்தில் கடற்கரை. ஒருவரும் இல்லை. தண்ணீருக்குள் இறங்குவதற்கு முன் ஊரில் கேட்டுக்கொண்டுதான் வந்தேன்: உப்புநீர் முதலைகள் இந்தத் தீவுகள் முழுவதும் இருக்கின்றன. அலையாத்திக் காடும் ஓடை முகமும் இருக்கும் பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இறங்கக் கூடாது. எச்சரிக்கைப் பலகை வைத்த இடத்தில் குளிப்பது வீரம் அல்ல. மணல் ஈக்கடியும் உண்டு. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, ஈர மணலில் உட்காராமல் இருந்தால் பெருமளவு தப்பலாம்.

சங்கோ பவளத்துண்டோ எதையும் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் சோதித்து எடுத்துவிடுவார்கள். சோதிக்காவிட்டாலும், காலியான சங்குக்குள் குடியேறக் காத்திருக்கும் துறவி நண்டுகள் இந்தக் கரை முழுக்க ஊர்ந்துகொண்டிருக்கின்றன. அதன் வீட்டை நாம் ஏன் அலமாரியில் வைக்க வேண்டும்?

வெள்ளி, ரங்கத்

காலைப் படகில் எரட்டாவுக்கு. கடலிலிருந்து அலையாத்திக் காட்டு ஓடைக்குள் படகு திரும்பும்போது, இரண்டு பக்கமும் வேர்கள் நீருக்குள் இறங்கி நிற்கின்றன. ஓதம் வற்றிய நேரம் என்பதால் சேறு முழுவதும் வெளியே தெரிந்தது. அங்கிருந்து பஸ்ஸில் ரங்கத் பஜார்.

பஜாரில் காலை வைத்ததுமே காதில் தமிழ் விழுந்தது. மெஸ் நடத்தும் அம்மா, “தனியாகவா வந்தாய் பாப்பா? முதலில் உட்கார்ந்து சாப்பிடு, ஊர் எங்கேயும் ஓடிவிடாது” என்று இலையைப் போட்டார். அவருடைய மாமனார் ராமநாதபுரத்திலிருந்து வந்தவராம். அம்மா இங்கேயே பிறந்தவர், ராமநாதபுரத்தைப் பார்த்ததில்லை. வஞ்சிர வறுவல், ரசம், சோறு என்று வயிறு நிறைந்தது.

நான் கடல்வழியாக வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “உனக்குக் கப்பல் வரும்வரை காத்திருக்க நேரம் இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு ராத்திரி நெஞ்சு வலித்தபோது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக அந்தச் சாலையைத் தவிர வேறு என்ன இருந்தது?” என்றார். உண்மைதான். ரங்கத்திலிருந்து போர்ட் பிளேர் சாலைவழி சுமார் 170 கிலோமீட்டர். கடல் கொந்தளித்தால் கப்பல் வராது. சாலையை மூடு என்று எளிதாகச் சொல்லிவிடும் என்னைப்போன்றவர்கள், அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்க வேண்டும். நம்பகமான, வேகமான கப்பல்களை இவர்களுக்குக் கொடுக்காமல் சாலையைப் பற்றிப் பேசுவது அநியாயம். ஆனால் சுற்றுலாப் பயணிக்கு நெஞ்சு வலி கிடையாது. அவர் காத்திருக்கலாம், சுற்றிப் போகலாம். “அது சரி, வேடிக்கை பார்க்க வருபவர்களைத் தடுத்தால் எனக்கும் சம்மதம்தான்” என்று அம்மாவும் சொன்னார். இரண்டாவது முறை ரசம் ஊற்றினார்.

சனி, மாயாபந்தர்

பஸ்ஸில் மூன்று மணி நேரம். கட்டணம் 100 ரூபாய் அளவில்தான். அறை எடுத்துப் பையை வைத்துவிட்டு, வெபி கிராமத்துக்குப் போனேன். 1925இல் பர்மாவிலிருந்து பிரிட்டிஷ்காரர்கள் கொண்டுவந்து குடியேற்றிய கரேன் மக்களின் ஊர். தூண்கள்மேல் நிற்கும் மரவீடுகள், தேவாலயம், பாக்குத் தோப்பு. திண்ணையில் மூங்கில் சீவிக்கொண்டிருந்த தாத்தா உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். எங்கள் இருவருக்கும் இந்தி அரைகுறைதான், ஆனாலும் ஒரு மணி நேரம் பேசினோம்.

திரும்பும் வழியில் கடற்கரையில் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஓதம் ஏறினாலும் தொடாத உயரத்தில், செத்து வெளுத்த பவளத்திட்டு. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் அந்தமானின் இந்த வடக்குப் பக்கக் கரை அப்படியே மேலே எழுந்துவிட்டது. தண்ணீருக்குள் இருந்த பவளம் வெயிலுக்கு வந்து செத்தது. அதே நடுக்கத்தில் தெற்கே போர்ட் பிளேர்ப் பக்கம் நிலம் தாழ்ந்து, சிப்பிகாட் வயல்களுக்குள் கடல் வந்தது. நிக்கோபாரின் தென்கோடியில் இருக்கும் இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் இறங்கியது. நமக்கு அந்த நாள் என்றாலே அலைதான் நினைவு. இங்கே தரையே இடம் மாறியிருக்கிறது. பவளத்தின்மேல் கைவைத்துப் பார்த்தேன். கூர்மை இன்னும் மழுங்கவில்லை.

ஞாயிறு, காலிப்பூர்

செங்கப்பா பாலத்தைக் கடந்தால் வட அந்தமான். டிக்லிபூரில் பஸ் மாறிக் காலிப்பூர் வந்தேன். கடற்கரைக்கு எதிரே தங்கும் விடுதி. 800 ரூபாய் கேட்டார்கள், இரண்டு மூன்று இரவு தங்குவேன் என்றதும் 650க்கு ஒப்புக்கொண்டார்கள்.

ஆமைகளுக்காகத்தான் ஜனவரியில் வந்தேன். பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை ஆகிய நான்கு வகையும் முட்டையிட வரும் கரை இது. அதிகம் வருவது பங்குனி ஆமை. வனத்துறைக் காவலர்கள் இரவு முழுவதும் கரையில் நடக்கிறார்கள். அனுமதி கேட்டுக்கொண்டு அவர்களோடு நானும் நடந்தேன். விளக்கு கிடையாது, கைப்பேசி பைக்குள், பேச்சு கிடையாது.

நள்ளிரவுக்குப் பிறகு ஒரு காவலர் என் தோளைத் தொட்டு உட்காரச் சொன்னார். நீரோரத்தில் ஒரு கருமை அசைந்து மேலே வந்தது. அது மணலைத் தேர்ந்து முன்கால் துடுப்புகளால் வாரி எறிந்து இடம் செய்துகொள்ளும்வரை நாங்கள் நகரவில்லை. முட்டையிடத் தொடங்கிய பிறகுதான் பின்பக்கமாக அருகே போக விட்டார்கள். ஒரு சிவப்பு விளக்கு, அதுவும் தரையைப் பார்த்து.

குழியைப் பின்கால்களால் தோண்டியிருந்தது. ஒரு துடுப்பு உள்ளே போய் உள்ளங்கைபோல் வளைந்து மணலை அள்ளி வெளியே வைக்க, மறு துடுப்பு முன்பு வைத்த மணலைத் தட்டிவிடும். கண்ணால் பார்க்காமலே அவ்வளவு ஒழுங்கான குழி. இரண்டு மூன்றாக முட்டைகள் விழுந்தன, வெள்ளையாக, ஈரமாக. கண்ணோரம் நீர் வழிந்தது. உடம்பில் சேரும் உப்பை வெளியேற்றும் வழி அது. முடிந்ததும் மணலை மூடி, இடமும் வலமுமாகத் தன் உடம்பைத் தூக்கித் தூக்கி அடித்து மண்ணைக் கெட்டிப்படுத்தியது. அந்த அடி நாங்கள் மண்டியிட்டிருந்த மணல் வழியே என் முழங்காலுக்கு வந்து சேர்ந்தது. பிறகு திரும்பிப் பார்க்காமல் கடலுக்குள் போய்விட்டது.

காவலர்கள் முட்டைகளை எண்ணிப் பொரிப்பகத்துக்கு எடுத்துப்போனார்கள். நூற்றுக்கும் மேல். நாயும் பன்றியும் உடும்பும் எட்டாதபடி வேலிக்குள் அதே ஆழத்தில் புதைத்து, தேதியும் எண்ணிக்கையும் எழுதிய குச்சியை நட்டார்கள். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பொரியும். மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும். சூடு கூடினால் பெண். இவ்வளவு வேலையையும் குறைந்த சம்பளத்தில், பனியிலும் மழையிலும் செய்யும் அந்தக் காவலர்களை நினைத்தால் மனம் நெகிழ்கிறது. இங்கே வருபவர்கள் அவர்கள் சொல்வதை மறுபேச்சில்லாமல் கேளுங்கள். ஒரே ஒரு கைப்பேசி வெளிச்சம் பட்டாலும் ஆமை முட்டையிடாமல் திரும்பிவிடக்கூடும்.

திங்கள், காலிப்பூர்

பகலில் தூங்கிவிட்டு, ஏரியல் பே போனேன். ராஸ், ஸ்மித் என்ற இரட்டைத் தீவுகளை ஒரு மணல்திட்டு இணைக்கிறது. ஓதம் ஏறினால் மூழ்கும், வற்றினால் நடக்கலாம். வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டும். படகுக்கு முழு வாடகை என்பதால் தனியாளுக்குக் கட்டாது. துறையில் நின்று, கொல்கத்தாவிலிருந்து வந்த குடும்பத்தோடு பங்கு போட்டுக்கொண்டேன். ஓத நேரத்தைப் படகுக்காரரிடம் கேட்டுப் புறப்படுங்கள். அழகான இடம்தான், பார்த்த மட்டில் பிடித்துவிடும். ஆனால் நேற்று இரவைப் பார்த்த கண்ணுக்கு எதுவும் ஏறவில்லை.

செவ்வாய், காலிப்பூர்

சாடில் பீக். 732 மீட்டர்; இந்தத் தீவுக்கூட்டத்திலேயே உயரமான இடம். லாமியா பே வாசலில் பெயர் எழுதி, கட்டணம் கட்டி, வழிகாட்டியோடு விடிந்ததும் கிளம்பினேன். ஒரு வழிக்கு சுமார் எட்டு கிலோமீட்டர். முதல் பகுதி கடலோரம், உருண்டைக் கற்கள்மேல். பிறகு ஏற்றம், இடைவெளி இல்லாத ஏற்றம். மேலே போகப் போக மரங்கள் குள்ளமாகி, பாசியும் மூங்கிலும் அடர்கின்றன. உச்சியில் மேகம் விலகிய நேரத்தில் கிழக்கே கடல் தெரிந்தது. மூன்று லிட்டர் தண்ணீர் கொண்டுபோனேன், திரும்பும்போது சொட்டு மிச்சமில்லை. கால்கள் இப்போது கெஞ்சுகின்றன. மேலும் எழுதத் தெம்பில்லை.

வியாழன், ரங்கத் துறை

நேற்று பஸ்ஸில் ரங்கத் வந்து, மெஸ் அம்மாவிடம் சாப்பிட்டுவிட்டு, இன்று போர்ட் பிளேருக்குக் கப்பல் பிடித்திருக்கிறேன். டிக்கெட் கிடைக்க ஒரு நாள் கூடுதலாக ஆனது. அந்த ஒரு நாளுக்கான அறை வாடகைதான் நெடுஞ்சாலையைத் தவிர்த்ததற்கு நான் கொடுத்த விலை. அது எனக்குக் கட்டுப்படியாகிறது.

பக்கத்து இருக்கையில் பாக்கு மூட்டையோடு ஒரு வங்காளி அக்கா. மகளைப் பார்க்கப் போகிறார். வடக்கே எவ்வளவு செலவானது என்று கேட்டுவிட்டு, அடுத்த முறை ஹட் பேக்கு வா என்கிறார். போர்ட் பிளேரிலிருந்து தெற்கே, லிட்டில் அந்தமானில் இருக்கிறது. அதற்கும் அரசுக் கப்பல்தான். அருவி இருக்கிறது, அலைச்சறுக்குக்கு ஏற்ற பட்லர் பே இருக்கிறது, அறை இன்னும் மலிவு என்கிறார். சென்னைக் கப்பல் கிளம்பும் தேதி இன்னும் அறிவிக்கப்படவில்லை. போர்ட் பிளேரில் இறங்கியதும் பீனிக்ஸ் பே கவுன்டரில் ஹட் பே டிக்கெட்டுக்குக் கேட்டுப் பார்க்கப் போகிறேன்.